ஜெயசீலனின் யூபோனியமும் என் ஸ்பிண்டில் எண்ணெயும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் மெஷின் சாமான் எடுத்துக் கொடுக்கும் கம்பெனி ஸ்டோருக்குக் காலை நேரத்தில் எனக்குப் போன் வருவதில்லை. போன செவ்வாய்க்கிழமை நம் பேண்டு மாஸ்டர் கூப்பிட்டார். "நைனா, நம்ம ஜெயசீலன் பூட்டாம்பா. டீ குச்சிகினு இருந்தவன், அப்டியே சாஞ்சிட்டானாம்" என்றார். அதன் பிறகு அன்று நான் எதையும் சரியாக எடுத்துக் கொடுக்கவில்லை.

ஜெயசீலன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டியவர். கல்யாணமோ சாவோ, வேனை நிறுத்திவிட்டு யூபோனியம் என்கிற அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கல்லறையில் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினோம். "ஒரே ஒரு நாள்தாம்பா சுருதி உட்டான்" என்று மாஸ்டரும் பாசத்தோடுதான் சொன்னார். நான் டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு வாய் மூடி நின்றேன். அந்த ஒரு நாளின் பழி அவருடையது அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாசிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரம்பெட்டிலும் யூபோனியத்திலும் சுருதி சேர்க்க ஒரு வளைகுழாய் உண்டு. வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். அது இறுகிப் போகாமல் இருக்க நம்மில் சிலர் தேங்காய் எண்ணெய் தடவுவோம். நாளானால் பிசுபிசுத்துக் கவ்விக்கொள்ளும். சிலர் வாசலின் தடவுவார்கள். சித்திரை வெயிலில் உருகி வழியும். நானோ எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் நடுவிலேயே பிழைப்பு நடத்துகிறவன். அந்தத் திமிரில், பல வருடங்களுக்கு முன் ஒருநாள், வேகமாகச் சுற்றும் மெஷினுக்குப் போடுகிற ஸ்பிண்டில் எண்ணெயை வாங்கித் தடவினேன். விரல் பட்டாலே குழாய் வழுக்கியது. பெருமையாக ஜெயசீலனிடம் காட்டினேன்.

"ஓடறதுக்குத்தான் எண்ண, நைனா. இது நிக்க வேண்டிய எடம். கெட்டியா இன்னாவது போடு" என்றார். வேன் ஓட்டுகிறவருக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பூந்தமல்லியில் ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலம். உச்சி வெயில். நான் முன்னால் மெட்டை வாசித்துக்கொண்டு நடக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் என் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை. பக்கத்தில் நடந்த ஜெயசீலனுக்கு உறைத்திருக்கிறது. அவர் என்னைத் தொடவில்லை, கண்ணைக் காட்டவில்லை. தன் குழாயை இழுத்து என் சுருதிக்கு இறங்கி வந்தார். நான் தனியாக அபசுரமாகக் கேட்காமல், இருவரும் ஒன்றாகக் கேட்டோம். ஆனால் பெரிய வாத்தியம் இறங்கினால் அதுதான் காதில் விழும். பாட்டு முடிந்ததும் மாஸ்டர் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் என் குழாய் ஒரு விரல் அகலம் வெளியே நிற்பதைப் பார்த்தேன். ஜெயசீலன் "சாரி மாஸ்டர்" என்றார். நான் யாருக்கும் தெரியாமல் குழாயை உள்ளே தள்ளினேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்று பிறகு கேட்டேன். "நடுவுல சொன்னா நீ பயந்து நிறுத்திடுவே. பொணத்து முன்னாடி பாட்டு நிக்கலாமா?" என்றார்.

மறுநாள் திருவேற்காட்டில் ஒரு மருந்துக் கடைக்கு என்னை அழைத்துப் போனார். பால் கொடுக்கும் தாய்மார்களின் மார்பு வெடிப்புக்குப் போடுகிற லேனோலின் களிம்பைக் கேட்டார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு அது; வெயிலுக்கும் அவ்வளவு சீக்கிரம் இளகாது. கடைக்காரப் பெண் கரிசனமாக, "கொழந்தைக்கு எத்தினி மாசம் சார்?" என்றாள். "இருவது வருசமா தூக்கிகினு கீறேம்மா, இன்னும் எறங்க மாட்டேங்குது" என்றார் இவர், தன் யூபோனியத்தைச் சொல்லி. வேனிலேயே உட்கார்ந்து என் குழாயைத் துணியால் துடைத்து, களிம்பை மெல்லிசாகத் தடவி, இழுத்து விட்டார். விட்ட இடத்தில் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சொந்தக் கோயிலில் தேர் பவனி. அந்தப் பிழைக்காக அன்றைக்கு யூபோனியத்துக்கு மாஸ்டர் வேறு ஆளைப் போட்டிருந்தார். தன் தெருவுக்குள் தேர் வந்தபோது ஜெயசீலன் மனைவியோடு கையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். நான் வாசித்துக்கொண்டே அவரைக் கடந்து போனேன். என் சுருதி அன்று கொஞ்சமும் அசையவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு முறை அவரிடம் போனேன். "அத்த உடு நைனா, எனக்கு வேன் கீது. உனக்கு ஸ்டோருக்கு வெளிய இந்த ஊதலு உட்டா இன்னா கீது?" என்றார். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியிலேயே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பக்கத்தில் ஒருவன் இறங்கிவிட்டால், அவனைக் காட்டிக்கொடுக்கும் முன் என் கை என் குழாய்க்குப் போகிறது. அது அவருடைய பழக்கம், இப்போது என்னுடையது. ஆனால் அவரைப் போல வாய் மூடி இருக்க இனி எனக்கு உரிமை இல்லை.

மாஸ்டர், அன்று சுருதி விட்டவன் நான்.