உடைவதற்கு முந்தைய படம்

கல்லூரி முதல் வருடத்தில் குளிர்பான மூடியைப் பல்லால் திறக்கப் போய் என் முன்பல் பாதி உடைந்தது. அதன் பிறகு நான் சிரிப்பதில்லை. அலுவலகத்தில் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். அதற்கும் பல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டினேன்.

பாணேரில் வீடு வாங்கியதும் பக்கத்திலிருந்த பல் மருத்துவரிடம் போனேன். அவர் இரண்டு வழி சொன்னார். பாண்டிங் என்றால் பல்லின் நிறத்திலேயே பசை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். காபி குடித்தால் நாளடைவில் கறை பிடிக்கும். வெனீர் என்றால் பல்லின் முன்புறம் மெல்லிய ஓடு ஒட்டுவது, நீண்ட நாள் வரும். ஆனால் இருக்கிற பல்லைக் கொஞ்சம் சீவ வேண்டும், சீவியது திரும்ப வளராது.

இத்தனை வருடம் சிரிக்காமல் இருந்தவனுக்கு மட்டமானது எதற்கு? வெனீரே போடுங்கள் என்றேன். பழைய வடிவம் தெரிய வேண்டும், பல் உடைவதற்கு முன் சிரித்தபடி எடுத்த படம் ஒன்று கொண்டு வாருங்கள் என்றார்.

தேஹு ரோட்டில் அம்மா வீட்டு ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். பள்ளிக்கூடம், பிறந்தநாள், அக்கா கல்யாணம். எல்லாவற்றிலும் வாயை இறுக மூடி முறைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா தேடுற?"

"பல்லு உடையறதுக்கு முன்னாடி நான் சிரிச்ச போட்டோம்மா."

"நீ எப்படா சிரிச்ச?" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

மறுவாரம் பாண்டிங் போட்டுக்கொண்டேன். கறை பிடித்தாலும் எனக்கும் மருத்துவருக்கும்தான் தெரியும்.