மூன்று கிழமை ஒரே கடிகாரம்

ஊரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். அப்படிப்பட்டவள் அறுபத்தெட்டு வயதில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறைக்கு இங்கிலீசு படிக்கப் போனேன். மொன்றியலில் இருந்துகொண்டு பிரெஞ்சு படிக்காமல் இதேன் என்று கேட்டார்கள். என் பேரப்பிள்ளைகள் என்னைப் பற்றி எனக்கு முன்னாலேயே இங்கிலீசில் கதைப்பார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரீச்சர் என்னைவிடப் பத்து வயது இளைய வெள்ளைக்காரப் பெண். சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து, முள்ளைத் திருப்பித் திருப்பி நேரம் சொல்லக் காட்டித் தந்தார். விளங்கினதா என்று கேட்டார். நாங்கள் ஏழு தமிழ்ப் பெண்களும் ஓம் என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினோம். அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். அடுத்த கிழமையும் கடிகாரம். அதற்கடுத்த கிழமையும் அதே கடிகாரம்.

"அக்கா, இந்த மனிசிக்கு வேற பாடம் தெரியாது போல," என்றாள் பக்கத்துக் கதிரைக்காரி.

"சும்மா இரும். பாவம், மறதியாக்கும்," என்றேன்.

அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வந்த மகளிடம் ரீச்சர் கலங்கிப்போய் ஏதோ சொன்னார். மகள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"அம்மா, நீங்கள் ஆட்டுற ஆட்டுக்கு இந்த ஆக்களிட்ட இல்லையெண்டு அர்த்தம். தனக்குப் படிப்பிக்கத் தெரியேல்லையாம் எண்டு அந்த மனிசி கவலைப்படுது."

விஷயத்தைச் சொன்னதும் ரீச்சர் சிரித்த சிரிப்பில் கடிகாரம் மடியிலிருந்து விழுந்தது. அதன்பிறகு அவரும் எங்களைப்போலவே தலையாட்டினார்.

ஒன்றை மட்டும் நான் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை. எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் இரண்டு வசனம் சொல்லச் சொல்வார். பிழை விட்டால் சிரிப்பார்களே என்ற ரோசத்தில் "பேந்து, பேந்து" என்று, பிறகு பார்ப்போம் என்பதாய்த் தட்டிக் கழிப்பேன். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கிழமையும் என்னைப் பார்த்து, "பேந்து?" என்பார். நான் தலையாட்டுவேன். ஐந்து வருடம் இப்படியே போனது.

இந்த வசந்தத்தில் ரீச்சர் இறந்துபோனார். அதே தேவாலயத்தில், மேல் மண்டபத்தில், நினைவுக் கூட்டம். ரீச்சரிடம் படித்தவர்களில் ஒருவர் பேச வேண்டும் என்று அவருடைய கணவர் கேட்டிருந்தார். மற்ற ஆறு பேரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

"நான் எழுதி வாசிக்கிறன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ," என்றாள் மகள்.

"என்ர ரீச்சருக்கு நீ ஏன் கதைக்கோணும்?"

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேடையில் ஏறினேன். "ஷீ வாஸ் மை ரீச்சர்," என்றேன். அடுத்தது வரவில்லை. இரண்டு நாளாகப் பாடமாக்கியது அப்படியே மறைந்துவிட்டது. கீழே பார்த்தேன். எங்கள் ஆறு பேரும் சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள். முன்வரிசையில் ரீச்சரின் கணவரும் ஆட்டினார். வீட்டில் மனைவியைப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

பாடமாக்கியதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கடிகாரத்தின் கதையைச் சொன்னேன். எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. மண்டபம் முழுக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. முடிந்துவிட்டது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இறங்கி வந்ததும், புது ரீச்சர் வந்தால் தொடர்ந்து படிப்பீர்களா என்று ரீச்சரின் கணவர் கேட்டார். தலையாட்டினேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை.