சவிரிமுத்து அண்ணை கேட்ட வைத்தியம்

நாம்பன் மாடொன்றுக்குத் தடுப்பூசி போடப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. சவிரிமுத்து அண்ணையின் மனைவி திரேசா அக்கா. "தம்பி, இவர் போயிட்டார்," என்றார். அந்த நாம்பனுக்கு ஊசி போட்டேனா இல்லையா என்று மறுநாள் மாட்டுக்காரரிடம் கேட்டுத்தான் அறிந்தேன்.

நெடுந்தீவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் அண்ணையும் நானும் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். மதுவை முகர்ந்துகூடப் பாராத மனிதர். ஈரல் சுருங்கிவிட்டது என்றதும் ஊர் சாராயப் போத்தலைத்தான் தேடியது. நீரிழிவும் கொழுப்பும் செய்த வேலை என்று டொக்டர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? "குடிக்காமலே குடிகாரன் எண்டு பேர் வாங்கிட்டன் ஐசே. ரண்டு போத்தல் அடிச்சிட்டாவது வாங்கியிருக்கலாம்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈரல் கைவிட்டால் குடலில் உண்டாகும் நஞ்சு மூளைக்கு ஏறும். அப்படியான ஒரு காலை, திரேசா அக்காவைப் பார்த்து "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அதற்கு ஒரு இனிப்புப் பாணி மருந்து கொடுத்தார்கள். குடித்தால் நாளுக்கு இரண்டு மூன்று தரம் வயிற்றால் போகும், நஞ்சும் அதோடு போகும். குடித்த நாளெல்லாம் மனிதர் தெளிவாக இருந்தார்.

ஒரு முறை யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். சுகதேகி ஒருவரின் மலத்தைச் சுத்தப்படுத்தி, அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் விடும் வைத்தியம் ஒன்றை வெளிநாடுகளில் பரிசோதிக்கிறார்கள் என்று டொக்டர் சொன்னார். திரேசா அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"டொக்டர், இதை நான் மாட்டுக்குச் செய்தனான்!"

உண்மைதான். தின்னாமல் கிடந்த பசுவொன்றுக்காக, நல்ல மாடொன்றின் வாய்க்குள் கைவிட்டு, அது மீட்ட இரையைப் பிடுங்கி ஊட்டியதை நானே கண்டிருக்கிறேன். பசு எழும்பியது.

"அப்ப எனக்குச் செய்ய ஏலாதோ?"

"இஞ்சை இன்னும் வரேல்லை ஐயா. அங்கையும் முடிவாச் சொல்ல ஏலாமல்தான் இருக்கினம்."

"எப்ப வரும்?"

டொக்டர் பாணியின் அளவைக் கூட்டி எழுதினார்.

அடுத்த கிளினிக்குக்குப் படகில் போன நாளில்தான் அந்த அவமானம் நடந்தது. நடுக்கடலில் அண்ணைக்கு வயிறு கலக்கியது. அந்தப் படகில் மலசலகூடம் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் எல்லோரும் இறங்கும்வரை மனிதர் எழும்பாமல் நனைந்தபடி இருந்தாராம். ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவர். அன்றிலிருந்து படகேறும் நாளுக்கு முதல்நாளே பாணியை நிறுத்தினார், யாருக்கும் சொல்லாமல்.

கடைசிக் கிளினிக் நாளில் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. நாளைக்கு ஓடும் என்று அன்றும் பாணியைக் குடிக்கவில்லை. மறுநாளும் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் அதே கதை. படகு ஓடியபோது நினைவு தப்பிய அண்ணையைத் தூக்கித்தான் ஏற்றினோம். "பாணி குடிச்சனான் எண்டுதான் சொன்னவர் தம்பி," என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் அக்கா தலையில் அடித்து அழுதார். யாரைக் கோபிப்பது? கடலையா? வெட்கத்தையா? எனக்கு இன்றைக்கும் கோபம்தான், போட ஓர் இடமில்லை.

நான் தீவுக்குத் திரும்புவதற்கு முன் அவருக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. என் பெயரைச் சரியாகச் சொன்னார். "உமக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. நல்ல வயிறு. அந்த வைத்தியத்துக்கு நீர் தாறீரோ?"

"ஓம் அண்ணை, தாறன்."

"அப்ப சரி," என்று கண்ணை மூடினார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நம்பிக் கேட்டார்.

அவர் நினைவாக எதை வைத்திருக்கிறாய் என்று அடக்கத்தன்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது என்னிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. எடுத்து அவருக்குக் கொடுக்கத் தெரிந்த டொக்டர்தான் இந்தக் கரையில் இருக்கவில்லை.