நெஞ்சு உயரத்தில் நின்ற கோடு

ஆஸ்பத்திரிக்கு விளையாட்டு செய்து கொடுப்பதுதான் தன் வேலை என்று அவள் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "உயிர் போற இடத்துல என்னடி விளையாட்டு?" என்பாள் பெரியத்தை. விளையாட்டுக்காரி என்ற பேரே அவளுக்கு நிலைத்துவிட்டது. கண்ணை மூடினாற்போல மாட்டுகிற கருவி ஒன்று. மாட்டினால் வேறோர் உலகம் தெரியும். கை கால் விளங்காமல் போனவர்கள் அதற்குள்ளே பழம் பறித்து, பந்து பிடித்து, விளையாட்டோடு விளையாட்டாகப் பயிற்சி செய்யலாம். அந்த உலகத்தைக் கம்ப்யூட்டரில் உண்டாக்குவது அவள் பிழைப்பு.

அவள் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவளுக்கு நாலு பிள்ளைகள். இளையவளுக்கு அண்ணனும் இவளும். அப்பா போனதும் அந்த நாலு பேரும் நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். பெயின்ட் அடித்து இவளைப் படிக்க வைத்தவன் அண்ணன். ஐம்பத்திரண்டு வயதில் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

"முதல் ஆறு மாசம்தான் கை சொல் பேச்சு கேக்கும். விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றார் பிசியோ டாக்டர்.

அண்ணனுக்கென்றே அவள் ஒரு விளையாட்டு செய்தாள். வெள்ளைச் சுவர், கையில் பெயின்ட் உருளை, வேண்டிய நிறம். நோயாளி மனம் விட்டுப்போகாமல் இருக்க அதில் ஓர் ஏற்பாடு உண்டு. நிஜத்தில் கை ஒரு விரல் அளவு ஏறினால் உள்ளே மூன்று விரல் அளவு ஏறும். வாரா வாரம் அந்தக் கூடுதலைக் குறைத்து, கடைசியில் ஒன்றுக்கு ஒன்று என்று கொண்டுவந்துவிட வேண்டும்.

முதல் முறை குறைத்ததுமே அண்ணன் கருவியைக் கழற்றிக் கட்டிலில் வீசினான். "கை திரும்பச் செத்துப்போச்சு குட்டி." இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

அவள் ஆபீஸில் உட்கார்ந்தபடியே பழைய அளவைத் திரும்பப் போட்டாள். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தாள். பிசியோவிடம் மூச்சு விடவில்லை. அண்ணன் மறுபடி சிரித்தான், சாப்பிட்டான். அந்த ஒரு வாரம் மாதங்களாக இழுத்துக்கொண்டு போயிற்று.

வீட்டிலிருந்து போகும் ரிப்போர்ட்டில் விளையாட்டுக்குள்ளே ஏறிய உயரம்தான் இருக்கும். கூடுதல் குறைந்துகொண்டே வருகிறது என்று நம்பிய பிசியோ அதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் ஸ்பீக்கர் போனில் சொன்னார்: "பிரமாதம்! தலைக்கு மேல போகுதே. இனி மேசை மேல துணியத் தள்ளற பயிற்சிய நிறுத்திடலாம்." அண்ணன் பக்கத்தில் நின்ற அவளும் சரி என்று தலையை ஆட்டினாள்.

அண்ணிக்கு மட்டும் உறுத்தல். "டம்ளர் தூக்க முடியல, சுவர் அடிக்கிறாராம்."

"டம்ளர் தூக்கறதா பெயின்டர் வேலை?" என்று அண்ணன் மடக்கினான்.

ஏழாம் மாதம், பழைய மேஸ்திரி பார்க்க வந்தார். அண்ணனுக்கு ஒரே உற்சாகம். "நில்லுங்க, ஒரு பட்டை அடிச்சுக் காட்டறேன்." இடது கையால் வாளியில் நிறத்தைக் கலக்கினான். "வேணாம்ணா, இன்னொரு நாள்" என்றாள் அவள். அவன் காதில் வாங்கவில்லை.

வலது கையில் பிடித்த உருளை வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து ஏறியது. இடுப்பு, வயிறு, நெஞ்சு. அங்கே நின்றது. மிச்சம் தானாக ஏறிவிடும் என்பது போல அவன் அண்ணாந்து காத்திருந்தான். நிறம் முழங்கை வழியாக வழிந்தது. மேஸ்திரி செருப்பைத் தேடினார்.

அவர் போனதும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?" என்றான் அண்ணன்.

"தெரியாது. எனக்கு மட்டுந்தான்."

அண்ணி வாயை மூடவில்லை. "கூடப் பொறந்தவ செய்யற வேலையா இது? நாலு பேர் ஒதுங்கிப் போனாங்க. நீயும் போயிருந்தா இந்தக் கையாவது மிஞ்சியிருக்கும்!"

அண்ணன் முழங்கையில் வழிந்திருந்த நிறத்தை இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மேசை, துணி என்று முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்தப் பட்டையை அழிக்க அவன் விடவில்லை. மாதம் ஒருமுறை அதன் பக்கத்தில் கையைத் தூக்கி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்கிறான். ஒரு வருஷத்தில் கோடு மூன்று விரல்தான் ஏறியிருக்கிறது.

போன முறை அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"நீ அளக்காத" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டே.