புரியலை என்று சொல்ல

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், துடியலூர் பேக்கரி ஒன்றின் முன் ஓட்டுநர் காரை நிறுத்துகிறார். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை, இன்றுதான் கிளம்புகிறேன். உள்ளே டீயோடு உட்கார்ந்து அம்மாவிடம் போனில் பேசி முடிக்கிறேன். பக்கத்து மேசையில் என் வயதுக்காரர் ஒருவர். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"ஏனுங்க, ஜெர்மனிக்குங்களா? நானும் அங்க லேத் மிஷின்ல வேலை பாத்தவன்தானுங்க."

கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன்.

"மிஷினை எப்படி நிறுத்தறதுன்னு சூப்பர்வைசர் சொன்னாருங்க. எனக்குப் புரியலை. திருப்பிக் கேட்டா மரியாதை இல்லைன்னு நெனச்சு, சரின்னு தலையாட்டிப் போட்டேன். நம்மூருல அது பணிவுங்க. அங்க சரின்னா, புரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

கணபதிப் பகுதியில் நான் வேலை பார்த்த பட்டறையில், முதலாளியிடம் ஒருமுறைகூட நான் மறுகேள்வி கேட்டதில்லை. டீ கிளாஸைத் தள்ளி வைக்கிறேன்.

"நாந்தான் உங்க சூப்பர்வைசர்னு வெச்சுக்குங்க. எனக்குப் புரியலைன்னு சத்தமாச் சொல்லுங்க, பாக்கலாம்."

அவர் முகத்தையே பார்க்கிறேன். வாய் திறக்கிறது.

"சரிங்க" என்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. வெளியே ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.