மரத்தடி வட்டமும் கரண்டியக்காவும்

நூலகத்து வாசலில் நிற்கிற மேக்னோலியா மரத்துக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். சோற்றுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைப் பூ பூக்கும். வாசனை இரண்டாவது மாடி வரைக்கும் ஏறும். அதைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் புத்தகம் எடுக்காமலே திரும்பிப் போவார்கள். ஆனால் அதன் காலடியில் நாலு எட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் உண்டு. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். புல் பூண்டு இல்லாத மொட்டைத் தரை. மொட்டைத் தலையில் முடி வளர்க்கிற அந்த வேலை கரண்டியக்காவின் தலையில் விடிந்திருந்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் கரண்டியக்காதான். மேக்னோலியா வேர் ஆழமாகப் போகாது. மேல்மண்ணுக்குச் சற்று அடியிலேயே, விரல் விரலாக, சதைப்பிடிப்போடு படுத்துக் கிடக்கும். மண்வெட்டி பட்டால் அவ்வளவுதான். அதனால் வீட்டில் வளைந்துபோன ஒரு கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அதைக்கொண்டுதான் தோண்டுவார்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இங்கே பெருக்கத்தான் வந்தார். வந்த முதல் வாரத்தில் சாக்கில் சுற்றி இந்த மேக்னோலியா கன்றாக வந்து இறங்கியது. நட ஆளில்லை. இவரே குழி தோண்டி நட்டார். அன்றிலிருந்து தோட்டக்காரி. ஆயிற்று பத்தொன்பது வருஷம். வீட்டில் பிள்ளை இல்லை. அதையும் இந்த மரத்தையும் சேர்த்து யாராவது ஒரு வார்த்தை பேசினால் கரண்டி பறந்து வரும்.

வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கிறவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் சைக்கிள் கைப்பிடியில் வாளியும் சுண்ணாம்பு மட்டையும் தொங்க வந்து, மனைவி வெளியே வரும்வரை மரத்தடிக் குழாய்ப் பக்கம் காத்திருப்பார். தும்பைப் பூ மாதிரி மனுஷன். மனசு மட்டுமல்ல, புருவமும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மேற்பார்வையாளர் வந்தார். வந்த அன்றே வட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, வாசல்லயே இதென்ன சொறி பிடிச்ச மாதிரி? இன்னும் மூணு மாசத்துல ஆய்வுக்கு வர்றாங்க. அதுக்குள்ள பச்சையா ஏதாவது வளர்த்துக் காட்டுங்க. இல்லைன்னா டைல்ஸ் போட்டு மூடிடலாம்."

"மூடினா வேருக்கு மூச்சு முட்டிடும் சார். மரமே போயிடும்."

"மரத்துக்கு மூக்கு எங்கம்மா இருக்கு?"

கரண்டியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு செடிக்கடைக்கு நடந்தார்.

முதலில் ரோஜா வைத்தார். வெயில் எங்கே வெயில் எங்கே என்று அது கழுத்தை நீட்டி நீட்டி ஒட்டகமானதுதான் மிச்சம், ஒரு மொட்டு விடவில்லை. அடுத்தது புல். மேக்னோலியா இலை சாதாரண இலையா? அறுந்த செருப்பு மாதிரி கனம், வருஷம் முழுக்க விழும். புல்லின் மேல் விழுந்து மூடி, அடியில் அது வெளிறிப்போய்ச் செத்தது. மூன்றாவதாகத்தான் அக்காவுக்குப் புத்தி வந்தது. மரத்தின் குணத்துக்கு ஒத்துப்போகிற செடிதான் மரத்தடியில் வாழும். நிழலில் வளரணும், வேரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. பெரணியும் சிலந்திச் செடியும் வாங்கி வந்து, வேருக்கு வேர் நடுவில் சந்து பார்த்து, கரண்டி கரண்டியாகத் தோண்டி நட்டார். இரண்டு நாள் முதுகு நிமிரவில்லை.

ஒரு வாரம் நன்றாகத்தான் நின்றன. பிறகு குழாய்ப் பக்கத்துச் செடிகளுக்கு நுனி கருகியது. இன்னொரு வாரத்தில் முழுசாய்ச் சுருண்டன. மறுபடி வாங்கி வைத்தார். மறுபடியும் அதே கதை.

"அக்கா," என்றார் செடிக்கடைக்காரர், "உங்க கூட அனுப்பின செடி ஒண்ணுகூட, நல்லா இருக்கேன்னு ஒரு கடுதாசி போடலையே."

"உன் செடிதான் சொத்தை."

"மறுபக்கம் நிக்கிறதும் என் செடிதானே? அதுங்க கொழுகொழுன்னு நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் கூடுதலாக வந்தது. நூலகக் காவலாளியின் நாய் அங்கே காலைத் தூக்குகிறதோ என்று சந்தேகப்பட்டு இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை மறந்து வேவு பார்த்தார். நாய் இரண்டு நாளும் தூங்கியது. அக்கா அதையும் திட்டினார்.

ஆய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, செத்த பெரணி ஒன்றைப் பிடுங்க உட்கார்ந்தவர் இலைக் குப்பையை விலக்கினார். அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு. கரண்டியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். தெரிந்த வாசனை. கல்யாணமான நாள்முதல் பக்கத்துத் தலையணையிலிருந்து வருகிற வாசனை.

சாயங்காலம் சைக்கிள் வந்தது.

"ஏங்க, வாளிய எங்க கழுவுறீங்க?"

"இங்கதான், இந்தக் குழாய்ல. ஏன்?"

"எத்தனை நாளா?"

"நீ செடி வெக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. முன்னெல்லாம் வீட்டுலதான கழுவுவேன்." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான். சுண்ணாம்புத் தண்ணி பாஞ்சா பூச்சி பொட்டு அண்டாது பாரு."

"பூச்சி அண்டல. செடியும் அண்டல."

அவர் வாளியைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"வேலியே பயிரை மேயும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் அக்கா. "அது சைக்கிள்ல வாளியோட வரும்னு எனக்கு யாரும் சொல்லல."

அன்று வீடு வரைக்கும் அக்கா பின்சீட்டில் ஏறவில்லை, நடந்தே போனார். அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

ஆய்வு நாளன்று வட்டம் பாதி பச்சை, பாதி மொட்டை. வந்தவர்கள் அண்ணாந்து பூவைப் பார்த்து ஆகா என்றார்கள். மேற்பார்வையாளர் மட்டும் குனிந்து பார்த்தார்.

"பாதி வேலைதானேம்மா நடந்திருக்கு? என்ன ஆச்சு?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் வீட்டுக்காரரை நாளையிலிருந்து வாசலுக்குள் விடமாட்டார்கள். அக்கா அதை விழுங்கினார்.

"என் தப்புதான் சார். மண்ணைச் சரியாப் பாக்கல."

"அப்ப குழாய்ப் பக்கம் மட்டும் டைல்ஸ் போட்டுடுவோம்."

"பாதி மூக்கைப் பொத்தினாலும் மூச்சு முட்டும் சார்! ஒரு மாசம் குடுங்க."

"இருபது நாள். அதுக்கு மேல என்கிட்ட வந்து நிக்காதீங்க."

பத்தொன்பது வருஷத்து மரத்துக்கு இருபது நாள். அக்கா கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

குழாய்ப் பக்கம் அவர் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். வாளி இல்லை, மட்டையும் இல்லை. சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அரைச் சாக்கு நிரம்பியிருந்தது.

"அது என்ன கையில?"

"கரண்டி."

"வீட்டுல இருந்த ஒரே நல்ல கரண்டியா?"

அவர் நிமிரவில்லை. "பொழைச்சுக்குமா?"

"என்னை ஏன் கேக்குறீங்க? மரத்தைக் கேளுங்க."

அக்காவுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. அதோடுதான் பக்கத்தில் உட்கார்ந்தார், அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையைச் சாய்த்துக் காட்டினார்.

"அழுத்தாதீங்க. அது வேரு."