ஆமை நிதானமாக ஆடிய ஆட்டம்

சக ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. பள்ளிப் பேருந்தை அவர் ஓட்டும் அழகு அப்படி. சிக்னலில் மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நிறுத்திவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக் களைத்துப்போவான். அதே மனிதர் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் ஓரங்கட்டி, கைப்பேசியில் செஸ் ஆட உட்கார்ந்தால் ஆளே வேறு. இணையத்தில் அவர் பெயர் புயல்.

ஆட்டமும் புயல்தான். எடுத்த எடுப்பிலேயே ராணியை வெளியே இழுத்துவிடுவார். மந்திரியை வெட்டுக்கொடுத்தாவது எதிராளியின் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயைப் பிய்த்தெடுப்பார். எதிராளி மிரண்டால் வெற்றி. மிரளாமல் அணைகட்டி உட்கார்ந்தால் இவர் பாடு திண்டாட்டம். ஆட்டம் முடிந்ததும் செயலி அலசிப் பார்த்து, இவர் நகர்த்தல்கள்மேல் சிவப்புக் கேள்விக்குறிகளைக் குத்தித் தள்ளும். ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்கும் அவருடைய தரப்புள்ளி சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஒருநாள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அப்பா, எதிராளி என்ன பண்ணப் போறாங்கன்னு நீங்க பார்க்கவே மாட்டேங்கிறீங்க. ரோட்ல மட்டும் முன்னாடி போற சைக்கிள் எந்தப் பக்கம் திரும்பும்னு பார்க்கிறீங்க இல்ல?"

சுருக்கென்றது. மறுநாள், வண்டி ஓட்டுவதுபோலவே ஆடிப் பார்ப்பது என்று முடிவுகட்டினார்.

எதிரே வந்தவர் இவரைவிடப் பெரிய புள்ளிக்காரர். ஆமை ராணியை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு பக்கமும் பார்த்தார். மெல்ல மெல்ல எதிராளியிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. இவரிடம் ஒரு யானையே இருந்தது. வாழ்நாளில் இப்படி ஆடியதில்லை.

அப்போதுதான் எதிராளி நகர்த்துவதை நிறுத்தினார். கடிகாரம் மட்டும் ஓடியது. தோற்கப்போகிறவர்கள் சிலர் செய்யும் வேலை இது. எதிரில் இருப்பவன் அலுத்து எழுந்து போகட்டும் என்று காத்திருப்பார்கள்.

"தம்பி, ஸ்கூல் விடுற நேரமாச்சு," என்றார் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர் அக்கா.

"இருங்கக்கா, ஒரு நிமிஷம்."

"பசங்க வெயில்ல நிப்பாங்க."

வேறு வழியில்லை. வண்டி ஓடும்போது கைப்பேசியைத் தொடுகிற ஆள் இல்லை அவர். அக்காவிடம் நீட்டினார். "அந்த ஆளு காயை நகர்த்துனா சொல்லுங்க, ஓரமா நிறுத்திக்கிறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

அக்கா கைப்பேசியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். பள்ளி வாசலில் வண்டி நின்றதும் ஆமை கை நீட்டி வாங்கிப் பார்த்தார். திரையில் டிரா என்றிருந்தது, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை.

"அக்கா, என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி. அது ஏதோ கேட்டுச்சு. கீழ டிக் ஒண்ணு, பெருக்கல் குறி ஒண்ணு. நல்லதா இருக்கட்டுமேன்னு டிக்கை அமுக்கினேன்."

எதிராளி டிரா கேட்டிருக்கிறார், அக்கா சம்மதித்துவிட்டார். பிள்ளைகள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். கத்தவும் முடியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டார். பெரிய ஆளோடு டிரா செய்ததற்காகப் புள்ளி கொஞ்சம் ஏறியிருந்தது. அது இன்னும் எரிந்தது, பிச்சை போட்டதுபோல.

மறுநாள் காலையெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்த அக்கா, ஷெட்டில் வண்டி நின்றதும் பின் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார்.

"அந்த ஆளு யாரு தம்பி?"

"தெரியாது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாதுக்கா."

"ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்காக, தினம் கூட வர்ற என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க."

ஆமை தலையைச் சொறிந்தார். "உங்க மேல கோபம் இல்லக்கா. இத்தனை வருஷத்துல அந்த ஒரு ஆட்டம்தான் ஒழுங்கா ஆடுனேன்."

"அப்ப அதே மாதிரி இன்னொண்ணு ஆடுங்க. யாரு வேணாங்கிறா?"

ஆடினார். கொஞ்ச நேரம் கையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார். பிறகு எதிராளியின் ராஜா பக்கத்தில் ஒரு சந்து திறந்திருப்பது கண்ணில் பட்டது. விரல் அரித்தது. ராணி பாய்ந்தது. மூலையில் ஒரு குதிரை பதுங்கியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். "போச்சா?"

"போச்சு."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "டயர்ல காத்து இருக்கான்னு பார்த்துட்டு வரேன்," என்று இறங்கினார். காலையில்தான் பார்த்திருந்தார். ஆனாலும் ஒவ்வொரு சக்கரத்தையும் ஓங்கி ஓங்கி உதைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்.